சத்தமில்லாத சவாரி

"காரை வித்துடலாங்க. இன்னிக்கு சாயங்காலம் குன்றத்தூர்க்காரர் விலை பேச வராரு. இல்லன்னு சொன்னா அப்புறம் எட்டிப் பார்க்க மாட்டாரு" என்றாள் பெருந்தேவி.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஜெகநாதன் சிரித்தார்.

"அமெரிக்கா காருடி! ஒரகடம் பக்கம் வேற யாருகிட்ட இருக்கு?"

"கியாரண்டி முடிஞ்சு நாலு வருஷமாச்சு. போன மாசம் மட்டும் மூணு தடவை ஒர்க்‌ஷாப்புல நின்னுது."

"இப்ப எப்படிப் போகுது பாரு. சத்தம் கேக்குதா? புகை வருதா?"

"வரலதான்."

"வேணும்னா நம்ம மாட்டு ஜோடியை வித்துடறேன். கார் இருக்கிற வூட்ல மாடு எதுக்கு?"

"ஐயோ, மெதுவாப் பேசுங்க. காதுல விழப் போகுது."

கார் நின்றது. பண்ணையாள் கோதண்டம் ஜன்னலருகே வந்து தலையைச் சொறிந்தான்.

"முதலாளி, மாடு ரெண்டுக்கும் மூச்சு வாங்குது. அவுத்துத் தண்ணி காட்டிட்டு, அப்பால பூட்டிக்கினு இழுக்கலாமா?"

பெருந்தேவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முன் பம்பரில் கட்டியிருந்த வடக்கயிற்றைப் பார்த்தார் ஜெகநாதன்.

"சரி தேவி, காரை வித்துடலாம்" என்றார். "ஆனா குன்றத்தூர்க்காரர்கிட்ட மாடு இருக்கான்னு மொதல்ல கேட்டுக்கணும்."