பதினோரு மணித் தண்டனை

“ஏம்மா, மணி பதினொண்ணாச்சு. கையுறையெல்லாம் எண்ணிட்டியா?”

மேட்ரன் போட்ட சத்தத்தில் பிரசவ வார்டே திரும்பிப் பார்த்தது.

“இன்னும் இல்லைங்க மேடம்…”

“அப்போ கிளம்பு. எண்ணி முடிக்காம வெளியே தலை காட்டக் கூடாது.”

மூன்று மாதக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்த அந்த நர்ஸ், குனிந்த தலை நிமிராமல் ஸ்டோர் ரூமுக்குள் போனாள்.

மேட்ரன் கதவை வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதோடு விட்டாரா? கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, சிறைக் காவலாளி மாதிரி உட்கார்ந்தும் கொண்டார்.

இருபத்தைந்து நிமிடம் கழித்துத்தான் கதவு திறக்கும். மறுபடி மூன்று மணிக்கு இதே கூத்து.

பத்து நாளாக இதைப் பார்த்துப் பார்த்து, நர்ஸ்கள் சங்கச் செயலாளருக்கு ரத்தம் கொதித்தது. கேன்டீனில் காபி ஆறிப்போனதற்கே மூன்று பக்கம் மனு எழுதியவள் அவள். இதைச் சும்மா விடுவாளா?

நர்ஸைத் தனியே இழுத்துப் பிடித்தாள்.

“உனக்கு வாயே இல்லையா? நேத்து எண்ணின கையுறை விடியறதுக்குள்ள குட்டி போட்டுடுமா? எதுக்கு தினமும் ரெண்டு தடவை எண்ணணும்?”

“விடுங்கக்கா. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை.”

“பயப்படறியா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. தயவு செஞ்சு இதைப் பெரிசு பண்ணாதீங்க.”

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், எவ்வளவு மிரட்டி வைத்திருந்தால் இந்தப் பெண் இப்படிப் பேசும்!

அன்றே மனு தயாரானது. தலைப்பு: ‘இளம் தாயை இருட்டறையில் அடைக்கும் கொடுமை’.

ஸ்டோர் ரூமில் இரண்டு ட்யூப் லைட் பளிச்சென்று எரியும். அதனால் என்ன? மனுவில் இருட்டறை என்றால்தான் எடுபடும்.

நாற்பத்திரண்டு கையெழுத்து விழுந்தது. மேட்ரனிடம் வசவு வாங்காதவர் அந்த ஆஸ்பத்திரியில் யார்? பாதிப் பேர் மனுவைப் படிக்காமலே பேனாவைத் தேடினார்கள்.

நிர்வாக அதிகாரி அந்த நேரம் தாய்ப்பால் வார விழாப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாயைப் போற்றாத ஆஸ்பத்திரி ஒரு ஆஸ்பத்திரியா… என்னம்மா, இது கைதட்டற இடம்தானே?”

“நிச்சயமா சார். முதல்ல இதைப் படிங்க.”

படித்தவர் மேஜையில் ஓங்கிக் குத்தினார். “என் ஆஸ்பத்திரியில ஒரு தாய்க்கு இந்தக் கதியா!”

அரை மணியில் எல்லாம் முடிந்தது. மேட்ரனுக்கு மெமோ. ஸ்டோர் ரூம் சாவி அதிகாரியின் டிராயருக்குள். ‘மேற்படி நர்ஸ் இனி டூட்டி முடியும்வரை வார்டை விட்டு எங்கும் அனுப்பப்படக் கூடாது’ என்று கண்டிப்பான உத்தரவு வேறு.

செயலாளருக்கு அன்று கேன்டீனில் ஏகப்பட்ட பாராட்டு.

மறுநாள் மேட்ரனின் பதில் வந்தது. செயலாளர் அதை நகல் எடுத்துக்கொண்டு, மதியம் மூன்று மணிக்கு மூச்சிரைக்க வார்டுக்கு ஓடினாள். கேஸ் ஷீட்டுகளை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள் நர்ஸ்.

“கேளு, அந்தம்மா எழுதியிருக்கறதை. ‘நர்ஸைப் பூட்டி வைத்தது உண்மை. அவர் மீது எந்தத் தவறும் இல்லை. எனக்கும் குறிப்பாகக் காரணம் எதுவும் இல்லை, என் குணமே அப்படி.’ பாத்தியா திமிரை! அந்தம்மாவைத் தூக்கி ரெக்கார்டு ரூம்ல போட்டாச்சு. இனிமே உன்னை ஒருத்தரும் பூட்ட முடியாது. சந்தோஷம்தானே?”

நர்ஸ் அந்தக் காகிதத்தை வாங்கக் கை நீட்டினாள். கேஸ் ஷீட்டுகள் விலகின. வெள்ளைச் சட்டையின் மார்புப் பக்கம் இரண்டு இடத்தில் ஈரம் வட்டமாகப் பரவியிருந்தது.

பிரசவ வார்டில் இருபது வருடம் வேலை பார்த்தவளுக்கு, அது என்ன ஈரம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அப்போ… அந்த ரூம்ல நீ…”

“பால் எடுத்துட்டிருந்தேன்க்கா. லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கே அதிகாரி சார்கிட்ட கேட்டேன், ஒரு மறைவான இடமும் நடுவுல கொஞ்ச நேரமும் வேணும்னு. ‘டூட்டியில சொந்த வேலை பார்த்தா அப்படியே வீட்டுக்குப் போயிடு’ன்னுட்டார். மேட்ரன் அம்மாதான் பாலை வைக்க ஐஸ் பெட்டியும் வாங்கிக் கொடுத்து, வாசல்ல காவலும் இருந்தாங்க. உண்மையைச் சொன்னா என் வேலை போயிடும்னு, இப்போ பழியையும் தன் மேல போட்டுக்கிட்டாங்க.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?”

“சொன்னா நீங்க மனு எழுதிடுவீங்களே அக்கா.”

செயலாளருக்கு முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் விட்டுக் கொடுக்க மனமில்லை.

“அதுக்காக ஊரே கேக்கற மாதிரி உன்னைத் திட்டணுமா? தன்மையாச் சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?”

“நானும் இதையேதான் கேட்டேன்க்கா. ‘சலுகைன்னா நாலு பேர் ஏன்னு கேப்பாங்க. தண்டனைன்னா ஒருத்தர்கூட கேக்க மாட்டாங்க’ன்னு சொன்னாங்க.”