ஒற்றைச் செருப்பு ஊர்

கதவிடுக்கில் கசியும் நீல வெளிச்சம் தையல்காரியின் முதுகில் விழுகிறது. அது அவள் விட்டுவந்த உலகத்தின் வெளிச்சம். இடுப்பில் குழந்தையோடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவள், தானாகச் சாத்திக்கொள்ளும் அந்தக் கதவு தனக்காகத் திறந்திருந்ததை இன்னும் நம்பமுடியாமல் திரும்பிப் பார்க்கிறாள். கதவடியில் ஒரு தேய்ந்த செருப்பு செருகியிருக்கிறது. "முதமுதல்ல வந்த பொம்பள, பின்னால வர்றவங்களுக்காகச் செருப்பக் கழட்டி வச்சாளாம்மா. இங்க வர்ற எல்லா உலகத்துக் கதவும் அப்படி ஒரு செருப்பாலதான் சாத்தாம நிக்குது. இந்த ஊரே அதுலதான் உண்டாச்சு," என்கிறார் அருகே நிற்கும் மூட்டை தூக்குபவர். நைந்த செருப்பு நழுவ, கதவு முனகுகிறது. அப்பால் யாரோ ஓடி வரும் காலடிச் சத்தம். அவள் சட்டென்று தன் வலது செருப்பைக் கழற்றி இடுக்கில் திணிக்கிறாள். கதவு நிற்கிறது. கல் தரை சுட, கூச்சத்தில் தலை குனிந்து, நொண்டியபடி தெருவில் நடக்கிறாள். குனிந்த கண்ணில் அப்போதுதான் படுகிறது: பழக்காரி, முடிதிருத்துபவர், மூட்டை தூக்குபவர், ஒருவர் காலிலும் இரண்டாவது செருப்பு இல்லை.