நடுவர் படிக்காத அத்தியாயம்

அறிவியல் புனைகதைப் போட்டிக்கு வந்த, சொந்தச் செலவில் அச்சிட்ட நாவலைப் பாதியிலேயே மூடினார், போடியில் குடியிருக்கும் ஏலத்தோட்டக்காரரான நடுவர் தௌபீக். எழுதியவர் யாரென்று தெரியக்கூடாது என்று முன்பக்கங்களைப் போட்டிக்காரர்களே கிழித்திருந்தார்கள்.

“எத்தனை மார்க்கு?” என்றாள் மனைவி மெஹ்ரின்.

“முட்டைதான். நெழல் மரமெல்லாம் பட்டுப்போச்சாம். ஏலச் செடிக்கு மேல பச்சை வலை கட்டுறாங்களாம். லாரியில தண்ணி கொண்டாந்து ஊத்துறாங்களாம். போன கோடையில குரங்கணித் தோட்டத்துல நான் செஞ்ச சோலியப் பாத்து எழுதிட்டு, எதிர்காலம்ங்கறான்!”

மெஹ்ரின் புத்தகத்தைக் கடைசிவரை புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

“அச்சாபீஸ் பேரு இருக்கிற கடைசிப் பக்கத்தைக் கிழிக்க மறந்துட்டாங்க. இது தொண்ணூத்தெட்டாம் வருசம் அச்சடிச்சதுங்க.”

தௌபீக் புத்தகத்தைப் பிடுங்கி, தான் படிக்காமல் விட்ட கடைசி அத்தியாயத்தைத் திறந்தார்.

தலைப்பு: ‘போடியை விட்டுக் கிளம்பிய கடைசிக் குடும்பம்.’