நாலாவது உறுதிமொழி

நாலாவது வந்ததும் ஆம்புலன்ஸ்காரர் மறுபடியும் வாயை மூடிக்கொண்டார்.

தங்கை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். போன வாரமும் இதே கதைதான். கொல்ல மாட்டேன் என்றார், திருட மாட்டேன் என்றார், தகாத உறவு வைத்துக்கொள்ள மாட்டேன் என்பதையும் கணீரென்று சொன்னார். பொய் சொல்ல மாட்டேன் என்கிற இடத்தில் மட்டும் உதடு ஒட்டிக்கொண்டது. போதை வேண்டாம் என்கிற ஐந்தாவதுக்குத் திரும்பவும் திறந்துகொண்டது.

சலவைக் கடைக்கு மேல்மாடியில் நடக்கிற புத்தர் வகுப்பு அது. கீழே துவைக்கும் மெஷின்கள் ஓடினால் மேலே தரை லேசாக அதிரும். நடத்துகிறவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். வாராவாரம் கண்ணை மூடி உட்காருவதற்கு முன்னால், எல்லோரும் சேர்ந்து இந்த ஐந்தையும் சொல்லியாக வேண்டும்.

தங்கைக்கு ஞானமெல்லாம் தேவைப்படவில்லை. அவள் வந்தது வேவு பார்க்க.

அக்கா இந்த ஆம்புலன்ஸ்காரரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இதற்கு முன்னால் ஒருத்தன், ஏற்கெனவே பெண்டாட்டி இருப்பதை மறைத்துக் கல்யாணப் பேச்சு வரை வந்து, அக்காவை நொறுக்கிப் போட்டுவிட்டுப் போனான். இன்னொரு பொய்யனை அவள் தாங்க மாட்டாள். இன்னும் அத்தான் ஆகாத இந்த அத்தானுக்குத் தங்கையின் முகம் தெரியாது என்பது வசதியாகப் போயிற்று.

எதற்காக வந்தீர்கள் என்று முதல் நாள் டாக்டர் எல்லோர் முன்னாலும் கேட்டபோது, தீராத முதுகுவலி என்று சொல்லி வைத்தாள். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். வலி இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதுதான் முதல் உண்மை, வலிக்கு ஒரு காரணம் உண்டு, காரணம் போனால் வலியும் போகும், போக்குவதற்கு வழியும் இருக்கிறது என்று, இல்லாத முதுகுவலியை வைத்தே புத்தரின் பாதிப் பாடத்தை நடத்தி முடித்துவிட்டார்.

இன்றைக்கு வகுப்பு முடிந்ததும் தங்கை நேராக டாக்டரிடம் போனாள். ஒருத்தர் மட்டும் தனக்கு வேண்டாததை விட்டுவிட்டுச் சொல்கிறாரே, நீங்கள் கேட்க மாட்டீர்களா என்று மெதுவாகப் போட்டுப் பார்த்தாள்.

"இது யாரும் யாருக்கும் போடுற கட்டளை இல்லம்மா. அவங்கவங்க தனக்குத்தானே சொல்லிக்கிறது. முடியும்னு தோணினாத்தான் சொல்லணும்."

அப்படியானால் பொய் சொல்லாமல் ஆம்புலன்ஸ்காரரால் இருக்க முடியாது. இந்தக் கல்யாணத்தை நிறுத்த அக்காவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் அவர் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது போலிருந்தது.

"நாலாவதை மட்டும் ஏங்க முழுங்கிட்டீங்க?" என்று கேட்டேவிட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "கவனிச்சுட்டீங்களா? இப்ப சொன்னா, டியூட்டிக்குப் போனதும் மீறிடுவேன். அதான்."

"ஆம்புலன்ஸ்ல என்னங்க பொய்?"

அவர் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

"அடிபட்டவங்க பக்கத்துல உக்காந்து வர்றதுதான் என் வேலை. கண்ணைத் திறந்ததும் தன்னைப் பத்திக் கேக்க மாட்டாங்க. 'என் பொண்டாட்டி எங்கே, புள்ள எங்கே'ம்பாங்க. சில நேரம் அவங்க உசிரோட இருக்க மாட்டாங்க. 'நல்லா இருக்காங்க, பின்னாடி வண்டியில வர்றாங்க'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிடுவேன். ஆஸ்பத்திரி போற வரைக்கும் இவங்க உசிரு தங்கணுமே."

அவர் அடுத்த ஷூவையும் மாட்டிக்கொண்டார்.

"மீறப்போறோம்னு தெரிஞ்சுக்கிட்டே எல்லாரோடயும் சேர்ந்து சொன்னா, அது தனியா இன்னொரு பொய்யாயிடும்ல?" என்றபடி எழுந்தார். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார். "உங்க முதுகுவலி இப்ப எப்படி இருக்கு? இவ்வளவு நேரம் உக்கார முடியுதா?"

"பரவாயில்லைங்க," என்றாள். சொல்லும்போதே முகம் சுட்டது.

வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் சொன்னாள்: "யோசிக்காம கட்டிக்கோ."

அடுத்த வாரம் அவள் உட்காரும் இடத்தில் சுவரோரமாக ஒரு தலையணை புதிதாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆம்புலன்ஸ்காரர் தன் முதுகைத் தொட்டுக் காட்டி, சாய்ந்துகொள்ளுங்கள் என்று சைகை செய்தார்.

உறுதிமொழி தொடங்கியது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று எல்லோரோடும் சேர்ந்து அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாலாவது வந்தபோது, அந்த அறையில் இரண்டு வாய்கள் மூடியிருந்தன.