பன்னிரண்டாவது ஜோடி

இயேசு வாழ்ந்த நாட்டுக்கு யாத்திரை கிளம்பி ஆறு நாள் ஆகியிருந்தது. பல ஊர்க் கோயில் பங்குகளிலிருந்து சேர்ந்த, முன்பின் தெரியாத கூட்டத்தில், இளம் பாதிரியாரின் நிம்மதியைக் கெடுத்தது பஸ்ஸின் மூன்றாவது வரிசைதான். அங்கே ஓய்வுபெற்ற நர்ஸம்மாவும் தையல்காரரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"தொப்பி எங்கே? வெயில்ல மயங்கி விழுந்தாத்தான் புத்தி வருமா?"

"வச்ச இடத்துல இருந்தாத்தானே? அடுக்கி வைக்கிறேன்னு என் பையை யார் கலைச்சது?"

மலையேறும்போது சண்டை. ஏரியில் படகு ஏறியும் ஓயாத சண்டை. இந்தக் குடும்பத்தைச் சேர்த்து வைக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று பாதிரியார் வேண்டிக்கொண்டார்.

இன்று, இயேசு ஒரு கல்யாண வீட்டில் தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய ஊரின் கோயில். கல்யாண வாக்குறுதியைப் புதுப்பிக்கப் பதினோரு ஜோடிகள் கைகோத்து நின்றன. இவர்கள் மட்டும் தூணோரம் ஒதுங்கி நின்றார்கள்.

பாதிரியார் போய் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துப் பீடத்துக்கு இழுத்து வந்தார்.

"ஐயோ ஃபாதர், விடுங்க!" நர்ஸம்மாவின் முகம் சிவந்தது.

"விட மாட்டேன்மா. எல்லா வீட்டுலயும்தான் சண்டை. பழசை மறந்துட்டு வாக்கைப் புதுப்பிச்சுக்கோங்க."

பாதிரியார் கையை எடுத்த பிறகும் தையல்காரர் கையை எடுக்கவில்லை. நர்ஸம்மாவும் உருவிக்கொள்ளவில்லை.

தையல்காரர் தொண்டையைச் செருமினார்.

"புதுப்பிக்கிறதெல்லாம் வேண்டாம் ஃபாதர். இவங்களுக்குச் சம்மதம்னா, ஊருக்குப் போனதும் புதுசாவே பண்ணி வைங்க. துணையை இழந்த நாங்க ரெண்டு பேரும் முதல்முதலா பார்த்துக்கிட்டதே ஏர்போர்ட் வரிசையிலதான்!"