மீதிப் பெயர்

"போட்டோவுக்குப் பேர் வைக்கச் சொன்னா, கதை எழுதி வச்சிருக்கார் மனுஷன்," என்றான் கத்திரி. ஆபீஸே சிரித்தது.

கத்திரி என்பது ஆபீஸ் வைத்த பெயர். மற்றவர்கள் பத்து வரியில் எழுதும் புரோகிராமை அவன் மூன்று வரியில் முடிப்பான். படங்களைச் சேர்த்து வைக்கும் புரோகிராம் ஒன்றைக் கம்பெனி விற்றது. எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும் என்று விளம்பரம். அதில், 'பெயர் நீண்டால் வெட்டு' என்ற ஒற்றை வரி அவனுடையது.

அந்த வரியால்தான் புகார். ஒரு லிஃப்ட் மெக்கானிக், பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்குப் படங்களை மாற்றியிருக்கிறார். எல்லாப் பெயரும் பாதியில் நின்றுவிட்டதாம்.

"நாளைக்குப் பழசை யாரோ எடுத்துட்டுப் போறாங்களாம். நேர்ல போய்ப் பார்த்துட்டு வா," என்றார் மேனேஜரம்மா. "போற வழியில உன் வாயையும் கொஞ்சம் வெட்டிக்கோ."

மத்தியானம். மூன்றாவது மாடி. திரைச்சீலை மூச்சு விடுவதுபோல உப்பி அடங்கியது. சாப்பாட்டு மேஜைமேல் இரண்டு கம்ப்யூட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு பேர்போல.

மெக்கானிக் பழையதில் ஒரு பெயரைக் காட்டினார்.

'கடலோரத்தில் நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறாய், மணல் சுடுகிறது, காற்றில் உப்பு வாசனை, என் நிழல் உன் காலைத் தொட்டும் தொடாமலும் வருகிறது.'

புதியதில் அது 'காற்றில்' என்பதோடு நின்றிருந்தது.

"பழசு எழுத்தை எண்ணும் சார். புதுசு எடை போடும். இங்கிலீஷ் எழுத்து ஒண்ணு ஒரு எடைன்னா நம்ம எழுத்து மூணு. அதான் தாங்கல."

"அது மெஷின் சமாச்சாரம். எதுலயும் ஓடும்னு சொன்னது நீங்க."

"ஓடுதே சார். ஒரு படம்கூடக் குறையல."

"பேர் குறைஞ்சிருக்கே."

"படத்தைப் பார்த்தா தெரிஞ்சுடப்போகுது. மணல் சுடறதெல்லாம் பேர்ல எதுக்கு? பீச் ஒண்ணு, பீச் ரெண்டுன்னு வைங்க, வேலை முடிஞ்சுது."

மெக்கானிக் பழைய கம்ப்யூட்டரை அணைத்தார்.

"ஒரு படத்துக்குப் பேர் வைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகும். பதினோரு வருஷமா வைக்கிறேன்."

"அதான் எதுக்குன்னு கேக்கறேன்."

"காரணம் சொன்னாத்தான் செய்வீங்களா?"

கத்திரி கடிகாரத்தைப் பார்த்தான். "முழுப் பேரையும் தனியா ஒரு பட்டியல்ல வச்சுக் காட்டலாம். ஆனா ரெண்டு நாள் வேலை. ஒரே ஒருத்தருக்காக..."

மெக்கானிக் டீ போட உள்ளே போய்விட்டார்.

அந்த வழியாகவே அவர் மனைவி வந்தார். சுவரை ஒட்டி, நாற்காலிகளின் முதுகை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டபடி.

"கம்ப்யூட்டர் தம்பியா? கொஞ்சம் நகர்ந்துக்கோங்க. அது என் இடம்."

உட்கார்ந்து, புதியதில் ஒரு பட்டனைத் தட்டினார். திரையில் ஒரு படம் வந்தது. கம்ப்யூட்டர் அதன் பெயரை உரக்கப் படித்தது: "மொட்டைமாடியில் துணி காய்கிறது, நடுவில் நீ நின்றுகொண்டு இரண்டு கையையும் விரித்து..."

நின்றுவிட்டது.

அவர் விரல் அடுத்த படத்துக்குப் போகாமல் காத்திருந்தது. முகம் திரையின் பக்கம் இல்லை; ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

"நேத்துலேருந்து கையை விரிச்சுகிட்டே நிக்கிறேன் தம்பி," என்று சிரித்தார். "அப்புறம் நான் என்ன செஞ்சேன்? உங்களுக்குத்தான் கண்ணு தெரியுமே, பார்த்துச் சொல்லுங்களேன்."

மெக்கானிக் இரண்டு டம்ளரோடு வாசலில் நின்றார்.

"பழசை அனுப்பிடாதீங்க சார். ரெண்டு நாள் இருக்கட்டும்," என்றான் கத்திரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு அந்த அம்மாவிடம், "ஒரு போர்வை, அக்கா, காத்துல எழும்புது... இருங்க, அதுக்கு முன்னாடி வெயிலைச் சொல்லணும்... உங்க முடி..." என்று தடுமாறினான்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. எவ்வளவு முயன்றும் சுருக்கமாகச் சொல்ல அவனுக்கு வரவில்லை.