தேற்றாத்தீவுக்குப் போகாத வண்டி

"இன்னும் ஒருக்கா உதைச்சீங்கண்டா உங்கட கால்தான் கழண்டு விழும். வந்து தேத்தண்ணியக் குடிங்க."

"உன்ட வீட்டுத் தேத்தண்ணி எனக்கு வேணாம்" என்ற சிவதர்ஷன், மோட்டார் சைக்கிளை மறுபடியும் ஓங்கி உதைத்தான். அது அசையவில்லை.

நிருஷா வாயை மூடிக்கொண்டாள். அந்த வாயை நேற்றே மூடியிருந்தால் இன்று இந்தக் கூத்தே இல்லை. வெள்ளத்தில் நனைந்த வண்டியை அவன் விறாந்தையில் வைத்து அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினான். புது டைல்ஸ் எல்லாம் எண்ணெய். அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"என்ட வீட்டைக் கராஜ் ஆக்காதீங்க!" என்று கத்திவிட்டாள்.

அந்த 'என்ட'தான் வினையாகிப் போனது. மட்டக்களப்புப் பக்கம் வீட்டைப் பெண் பெயருக்குத்தான் எழுதுவார்கள். கல்யாணம் முடித்ததும் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். ஆகையால் சண்டை பிடித்தால் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் புறப்படுகிறவரும் அவர்தான். கல்யாணமாகி எட்டே மாதத்தில் சிவதர்ஷன் புறப்பட்டுவிட்டான். கழற்றிய வண்டியைப் பொழுதுபட முன் பூட்டி முடித்தான். பையையும் கட்டினான்.

"விடிஞ்சதும் தேற்றாத்தீவுக்கு, அம்மாட்டப் போறன். இனி இஞ்சால வரமாட்டன்."

அவன் சொன்னால் செய்கிறவன். அதுதான் அவளுடைய பயம்.

அதனால்தான் காலையில் அவன் கிணற்றடிக்குப் போன நேரம், வண்டியின் பக்கத்து மூடியைத் திறந்து பியூஸை உருவிவிட்டாள். ஒரு நாள் ஆசையாகப் பக்கத்தில் இருத்தி அவன்தான் அதைக் காட்டிக் கொடுத்திருந்தான். "பாரு, இந்த நகமளவு சாமான் இல்லாட்டி இந்த வண்டி வெறும் இரும்பு." அந்த நகமளவு சாமான் இப்போது அவள் கைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.

"வண்டி இல்லாட்டி என்ன, பஸ்ஸுல போகலாம்தானே?" என்று வீம்புக்குக் கேட்டுவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல்லடிப் பெரிய றோட்டில் பஸ்ஸுக்கா பஞ்சம்?

"பையோட பஸ்ஸுல போனா சனம் என்ன கதைக்கும்? போறதெண்டா என்ட வண்டியிலதான் போவன். நிஸ்தாருக்குக் கோல் எடுத்திருக்கன். அவன் வந்தா அஞ்சு நிமிசம்."

காத்தான்குடியில் கராஜ் வைத்திருக்கும் நிஸ்தார், சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன வருத்தம் என்று சொல்கிற ஆள். நிருஷா களுதாவளைப் பிள்ளையாருக்கு மனதுக்குள் ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

நிஸ்தார் வந்தான். வந்ததும் முதல் வேலையாகப் பக்கத்து மூடியைத்தான் திறந்தான். நிருஷா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பியூஸ் நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்று சொல்லி மூடியைப் பூட்டினான்.

நிருஷா திடுக்கிட்டு உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். பியூஸ் அங்கேதான் இருந்தது. இவ்வளவு பெரிய மெக்கானிக்குக்குக் கண் தெரியாமல் போய்விட்டதா? எதுவானாலும் பிள்ளையாருக்குத் தேங்காய் இரண்டாகியது.

நிஸ்தார் பிளக்கைக் கழற்றித் துடைத்தான். பெற்றோல் குழாயை வாயில் வைத்து ஊதினான். சிவதர்ஷன் நேற்றுக் கழற்றிப் பூட்டிய காபுரேட்டரைத் திரும்பவும் கழற்றினான். ஒவ்வொன்றுக்கும் பிறகு சிவதர்ஷன் பத்து உதை உதைத்தான். வெயில் தலைக்கு மேலே வந்துவிட்டது.

"சரிவராது போல மச்சான். நான் என்ட பைக்குல உன்னக் கொண்டு போய் விடட்டா?"

"வேணாம் வேணாம்!" என்று அவசரமாகச் சொன்னான் சிவதர்ஷன். "இதையே இன்னொருக்கா வடிவாப் பாரு."

மறுபடியும் உதைக்கத் தொடங்கினான். முகமெல்லாம் கறுப்பு எண்ணெய், சேட்டெல்லாம் வியர்வை. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. உதைத்த கால் வழுக்கி ஸ்டாண்டில் அடிபட, "அம்மா!" என்று நிலத்தில் குந்திவிட்டான்.

நிருஷாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய் அவன் முன்னால் கையை விரித்தாள்.

"இந்தாங்க. நான்தான் எடுத்தன். நீங்க போயிரக் கூடாதெண்டுதான்." அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. "பூட்டிக்கிட்டுப் போறதெண்டாப் போங்க. ஆனா கோபம் ஆறினதும் திரும்பி வாங்க. விறாந்தையில எண்ணெய் ஊத்தினாலும் பரவாயில்ல. அது என்ட வீடில்ல, நம்மட வீடு."

சிவதர்ஷன் அந்தப் பியூஸைத் தொடவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். காது இரண்டும் சிவந்து போயிருந்தன.

நிஸ்தார் ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடகடவென்று சிரித்தான்.

"அதை வெச்சுக்கங்க தங்கச்சி. இந்த வண்டியில ஸ்பேர் பியூஸ் ஒண்டு எப்பவும் கிடக்கும். அது காலமையிலிருந்து உங்கட மாப்பிள்ளைட சேட்டுப் பைக்குள்ள இருக்கு. 'நிருஷா என்னப் போக விடாம பியூஸக் கழட்டிட்டா மச்சான், நீ வந்து ஆறுதலாப் பாரு, ஆனா ஸ்டார்ட் மட்டும் ஆக்கிராத' எண்டுதான் எனக்குக் கோல் எடுத்தவன்!"